குழந்தைக்குத் தடுப்பூசி, அம்மாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை: ரெண்டும் ஒரே நாள்ல!

(கல்லாவியில் நடந்த மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்லாவி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை சுற்றுவட்டாரத் தாய்மார்களே, சகோதரிகளே, இதைச் செல்போனில் படிக்கும் உறவுகளே!

இன்னைக்கு ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போறேன். கர்ப்பத்துல சர்க்கரை வந்த பொண்ணை, பிரசவம் முடிஞ்ச பிறகு யார் கவனிக்கிறாங்க?

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா போன்றவர்களின் உழைப்பால், 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று அரசு முடிவெடுத்தது. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கணும். 2 மணி நேரம் கழிச்சு ரத்தம். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் நாடு முழுக்க இதற்கான விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறாங்க.

பிரசவம் வரைக்கும் இந்த அக்கறை இருக்கு. அதுக்கப்புறம்?

நஞ்சுக்கொடியில சுரக்கிற ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. நஞ்சு வெளியே வந்ததும் பெரும்பாலானவங்களுக்குச் சர்க்கரை இறங்கிடும். "சரியாப் போச்சு"ன்னு நாமும் மறந்துடறோம். ஆனா அது உடம்பு கொடுத்த எச்சரிக்கை. சுமார் 13 லட்சம் பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு சொல்வது: கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவருக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, மற்றவரைவிட ஏறக்குறைய 10 மடங்கு!

அதனாலதான் பிரசவம் ஆன 6-வது வாரத்தில் மறுபடி பரிசோதனை செய்யணும்னு தேசிய வழிகாட்டுதலே சொல்லுது.

நம்ம பக்கம் இது ஏன் தவறுது? பொண்ணு கர்ப்பத்துக்குக் காட்டினது ஓசூர்லயோ பெங்களூர்லயோ. பிரசவத்துக்கு வந்தது கல்லாவி அம்மா வீட்டுக்கு. மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ திரும்பப் புருஷன் வீடு. அந்த ஊர் நர்ஸ் "அம்மா வீட்ல பார்த்திருப்பாங்க"ன்னு நினைக்கிறாங்க. இந்த ஊர் நர்ஸ் "அங்க போய்ப் பார்த்துக்குவாங்க"ன்னு நினைக்கிறாங்க. நடுவுல அந்தப் பொண்ணு விடுபட்டுப் போறா.

ஆனா ஒண்ணு கவனிங்க. அதே 6-வது வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி. அதை யாரும் விடறதில்லை. அன்னைக்கே அம்மாவுக்கும் பரிசோதனை பண்ணிடலாமே!

செய்ய வேண்டியது இதுதான்:

✅ முன்னாடியே கிராம சுகாதார செவிலியரிடம் "எனக்குக் கர்ப்பத்துல சர்க்கரை இருந்துச்சு"ன்னு சொல்லிடுங்க. பழைய ரிப்போர்ட்டும் பிக்மி நம்பரும் கையில இருக்கட்டும்.

✅ காலையில வெறும் வயித்துல போங்க. குளுக்கோஸுக்குப் பிறகு 2 மணி நேரம் காத்திருக்கணும். தாய்ப்பால் கொடுக்கலாம், தடையில்லை. குழந்தையை வெச்சுக்க ஒரு ஆள் கூடப் போங்க. புருஷனே போனா ரொம்ப நல்லது.

✅ வெறும் வயித்துல 126-ஐயோ, 2 மணி நேரம் கழிச்சு 200-ஐயோ தொட்டால் சர்க்கரை நோய். 2 மணி நேர அளவு 140 முதல் 199 வரை என்றால் நோய்க்கு முந்தைய நிலை. டாக்டரை உடனே பாருங்க.

✅ நார்மல்னு வந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கணும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்னாடியும் பார்க்கணும்.

அம்மாக்கள், மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. "பிள்ளை பெத்த உடம்பு"ன்னு கருப்பட்டியும் வெல்லமும் அள்ளிக் கொடுக்காதீங்க. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். பயறு, கீரை, முட்டை கொடுங்க. தாய்ப்பால் கொடுக்கிறது தாய்க்கும் பாதுகாப்பு.

கம்பெனி வேலைக்குப் போகும் தங்கச்சிங்களே, சட்டப்படி 26 வாரச் சம்பளத்தோட விடுப்பு உண்டு. ஷிப்டுக்குத் திரும்பும் முன்னாடி இதை முடிச்சிடுங்க.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கினது நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி மாத்திரை வரும் மாவட்டத்தில், பிரசவமான தாய் விடுபடலாமா? குழந்தையின் தடுப்பூசிப் பதிவுக்குப் பக்கத்திலேயே தாயின் சர்க்கரை அளவும் பதியப்பட வேண்டும். எந்த ஊரில் பிரசவம் ஆனாலும் அந்தப் பதிவு கூடவே போக வேண்டும். இது நம் கோரிக்கை.

கிளை நிர்வாகிகளுக்கு ஒரு வேலை: உங்க தெருவுல சமீபத்துல குழந்தை பெத்த வீடு எதுன்னு உங்களுக்குத் தெரியும். நம்ம மகளிர் தோழர்கள் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "குழந்தைக்கு ஊசி போட்டாச்சு, நீ டெஸ்ட் எடுத்தியாம்மா?"



படித்தவர்கள் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள்.

#தாய்நலம் #கல்லாவி #கிருஷ்ணகிரி