கடிகார வேகமும் கையேடும்

(பழைய மாணவர் சந்திப்பில், கம்ப்யூட்டர் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழங்கதை வேண்டாம், மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டேன். லினக்ஸ் கெர்னலில் ப்ராசஸரின் கடிகார வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதிகள் இருக்கின்றன. அவற்றை எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள், சரியாக எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். புரோகிராம் எழுதுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். அதற்குக் கையேடு எழுதுகிறவரை யாரும் கண்டுகொள்வதில்லை. இன்றைக்கு அவருக்காகக் கொஞ்சம் பேசுகிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு 286, 386 பெட்டிகளின் முன்பக்கம் இருந்த டர்போ பொத்தான் ஞாபகம் இருக்கும். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தை நம்பி எழுதிய விளையாட்டுகள் புது மெஷினில் தலைதெறிக்க ஓடும். வேகத்தைக் குறைப்பதற்குத்தான் அந்தப் பொத்தான். பெயர் என்னவோ டர்போ! பக்கத்தில் மெகாஹெர்ட்ஸ் காட்டும் சின்ன டிஸ்ப்ளே ஒன்று இருக்கும். பெரும்பாலான பெட்டிகளில் அது எதையும் அளந்து காட்டியதில்லை. பெட்டியை அசெம்பிள் செய்தவர் ஜம்பர்களை எப்படிச் செருகினாரோ அந்த எண்ணைக் காட்டியது, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது வேகத்தைக் குறைப்பது மின்சாரத்தை மிச்சப்படுத்த. சிப்பில் ஸ்விட்சிங்கினால் செலவாகும் பவர், அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்தில் இருக்கும்; வோல்டேஜின் வர்க்கத்துக்கும் நேர் விகிதத்தில் இருக்கும். வேகத்தைக் குறைத்தால் வோல்டேஜையும் குறைக்க வழி உண்டு. இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால், 0.8-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 0.512. ஏறக்குறைய பாதி! வேலை முடிய நேரம் கூடுமே என்பீர்கள். கூடத்தான் செய்யும். அப்படியும் அந்த வேலைக்கான ஸ்விட்சிங் எனர்ஜி 0.64 பங்குதான் ஆகும்.

2000-ஆம் ஆண்டில் இன்டெலின் ஸ்பீட்ஸ்டெப், ஏஎம்டியின் பவர்நௌ, டிரான்ஸ்மெட்டாவின் லாங்ரன் எல்லாம் லேப்டாப்புகளுக்காக வந்தன. லினக்ஸில் இதற்கான பகுதிக்கு சிபியுஃப்ரீக் என்று பெயர். 2.5 வரிசையில் உருவாகி, 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 மூலம் எல்லோர் கைக்கும் வந்தது. இதை வளர்த்தவர்களில் முக்கியமானவரான டொமினிக் ப்ரோடோவ்ஸ்கி, பயனர் கையேட்டையும் தானே எழுதினார். இது பாராட்ட வேண்டிய பழக்கம்.

வேகத்தை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று முடிவு செய்யும் பகுதிக்கு கவர்னர் என்று பெயர். ராஜ் பவனை நினைக்காதீர்கள்! மெக்கானிக்கல் நண்பர்களுக்கு உடனே புரியும், டீசல் என்ஜினில் இருக்கும் கவர்னர்தான். 'பெர்ஃபார்மன்ஸ்' எப்போதும் உச்ச வேகம் கேட்கும். 'பவர்சேவ்' எப்போதும் அடி வேகம் கேட்கும். 2004-ல் 2.6.9-உடன் வந்த 'ஆன்டிமாண்ட்', வேலைப்பளுவைப் பார்த்து முடிவு செய்யும். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் இன்டெலில் இருந்த வெங்கடேஷ் பல்லிபாடி. 2016-ல் 4.7-உடன் வந்த 'ஷெட்யூட்டில்', கெர்னலின் ஷெட்யூலர் வைத்திருக்கும் கணக்கையே நேரடியாகப் பயன்படுத்துகிறது.

நிற்க. இவற்றையெல்லாம் திருகுவதற்குச் சின்னச் சின்ன ஃபைல்கள் இருக்கின்றன. ஒரு எண்ணை எழுதினால் போதும், வேலை நடக்கும். இவ்வளவு எளிதாக இருப்பதுதான் ஆபத்து. கையேடு ஏன் வேண்டும் என்பதற்கு நான்கு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, அலகு. உச்ச வேகத்துக்கான ஃபைல் எண்ணை கிலோஹெர்ட்ஸில் எதிர்பார்க்கிறது. 2 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 2000000 என்று எழுத வேண்டும். அதே ஆன்டிமாண்டின் 'சாம்ப்ளிங் ரேட்' மைக்ரோசெகண்டில். 'அப் த்ரெஷோல்ட்' சதவீதத்தில். 'பவர்சேவ் பயஸ்' சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கில். ஃபைலுக்குள் வெறும் எண்தான் இருக்கும், அலகு இருக்காது. கையேட்டில் ஒரே ஒரு வார்த்தை விட்டுப்போனால் படிக்கிறவர் என்ன பண்ணுவார்?

இரண்டாவது, ஒரே பெயர், வேறு பொருள். 2013-ல் 3.9-உடன் இன்டெல் சிப்புகளுக்கென்று 'இன்டெல் பிஸ்டேட்' டிரைவர் வந்தது. அதன் ஆக்டிவ் முறையிலும் 'பவர்சேவ்' என்ற தேர்வு உண்டு. ஆனால் அது அடி வேகத்திலேயே பிடித்து வைப்பதில்லை; பளுவுக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டும். பொதுவான பவர்சேவ் வேறு, இது வேறு. "அந்த சர்வரில் பவர்சேவ் போட்டிருக்காங்க, அதான் மந்தம்" என்று ஒருவர் சொன்னால், எந்த டிரைவர் என்று முதலில் கேளுங்கள். கையேடு இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே சொல்கிறது.

மூன்றாவது, பங்காளி விஷயம். பல சிப்புகளில் சில கோர்கள் ஒரே கடிகாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்றுக்கு மாற்றினால் மற்றதும் மாறும். இப்படிச் சேர்ந்திருக்கும் தொகுதிக்கு 'பாலிசி' என்று பெயர் வைத்து, எந்தெந்த சிபியு எதில் அடங்கும் என்று கண்டுபிடிக்கவும் ஃபைல் கொடுத்திருக்கிறார்கள்.

நான்காவதுதான் மிக முக்கியம். 'இப்போதைய வேகம்' என்று காட்டுவதற்கு இரண்டு ஃபைல்கள். ஒன்று ஹார்டுவேரிடமிருந்து பெற்ற எண். மற்றது பெரும்பாலும் டிரைவர் கடைசியாகக் கேட்ட வேகம். சிப் உண்மையில் அந்த வேகத்தில் ஓடலாம், ஓடாமலும் இருக்கலாம். கேட்டது வேறு, கிடைத்தது வேறு. டர்போ பொத்தான் பக்கத்தில் இருந்த டிஸ்ப்ளேயை இப்போது நினைத்துப்பாருங்கள்! இதை ஒளிக்காமல் எழுதியிருப்பதுதான் நல்ல கையேட்டின் அடையாளம்.

தம்பி தங்கைகளே, இதில் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். புராஜெக்டுக்காக இரண்டு அல்காரிதங்களை ஒப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டும் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிறவை. முதலாவது ஓடும்போது சிப் தூக்கத்திலிருந்து எழுந்துகொண்டிருக்கிறது, கடிகாரம் இன்னும் மெதுவாகத்தான் ஓடுகிறது. இரண்டாவது ஓடும்போது கவர்னர் உச்ச வேகத்துக்கு ஏற்றிவிட்டது. இரண்டாவதே சிறந்தது என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுவீர்கள். வரிசையை மாற்றி ஓட்டினால் முடிவும் மாறும். பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை, ஆனால் ரிப்போர்ட்டில் இருப்பது பொய். அதை நம்பி அடுத்த வருடத்து மாணவர் தன் வேலையைத் தொடங்குவார். ஆகவே எந்த கவர்னர், எந்த டிரைவர், என்ன வேக வரம்பு என்று ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கையேடு ஒரு வாக்குறுதியும்கூட. கெர்னலின் ஆவணத் தொகுப்பில் ஏபிஐ என்று ஒரு பகுதி உண்டு. ஸ்டேபிள், டெஸ்டிங், அப்சொலீட், ரிமூவ்ட் என்று நான்கு அறைகள். ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் என்ன, எப்போது வந்தது, யாரைக் கேட்பது, என்ன செய்யும் என்று குறிப்பு. ஸ்டேபிள் அறையில் உள்ளவை குறைந்தது 2 ஆண்டுகளுக்கு மாறாது என்று உறுதி தருகிறார்கள். ஒரு வரி எழுதினால் அதற்கு அவ்வளவு காலம் பொறுப்பேற்க வேண்டும்.

காலம் மாறும்போது கையேடும் மாற வேண்டும். 2015-ல் வந்த இன்டெல் ஸ்கைலேக் சிப்புகளில் வேகத்தை ஹார்டுவேரே தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. கெர்னல் குறிப்பு மட்டும் கொடுக்கும். பழைய கையேட்டின் பல வாக்கியங்கள் அங்கே பொருந்தவில்லை. 2017-ல் ரஃபேல் வைசாக்கி நிர்வாகிகளுக்கான கையேட்டைப் புதிதாக எழுதினார். தலைப்பிலேயே 'அதிர்வெண்' போய் 'செயல்திறன்' வந்தது. பொருள் மாறியதால் பெயரை மாற்றினார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் மெஷினில் லினக்ஸ் போடுங்கள். அந்தக் கையேட்டில் ஒரு பக்கத்தை எடுத்து, வரி வரியாகச் செய்து பாருங்கள். எழுதியிருப்பதும் நடப்பதும் ஒன்றா? ஒன்றில்லை என்றால் திருத்தம் எழுதி அனுப்புங்கள். சி மொழியில் புலியாக இருக்கத் தேவையில்லை. பொறுமையும் நேர்மையும் போதும். கெர்னல் ஆவணங்களுக்குச் சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானிஷ் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. அந்த வரிசையில் தமிழையும் சேர்க்கக் கூடியவர்கள் இந்த அரங்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.