அறுவடைக் காலத்து ஒருசந்தி



களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒருவனைக் கூப்பிட்டு இங்கிலாந்தில் ஒரு மேடையில் ஏற்றினால், அவன் மீன்பாடும் தேனாடு என்று தொடங்கி, மட்டக்களப்புத் தயிரில் முடிப்பான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம்தான். வாவியைப் பற்றிக் கட்டாயம் பேசுவேன். ஆனால் சாப்பிடுவதைப் பற்றியல்ல, சாப்பிடாமல் இருப்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பின்னால் மண்டபச் சமையலறையில் இருந்து கறி மணம் வருகிறது. இந்த நேரத்தில் இப்படியொரு தலைப்பா என்று முணுமுணுப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மட்டக்களப்பில் இருந்து கல்முனைக்குப் போகும் பெருந்தெருவில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஓர் ஒடுங்கிய நிலத்துண்டு. இது எழுவான்கரை. பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினால் படுவான்கரை. வயல், வயல், மறுபடியும் வயல். வீடு இந்தக் கரையிலும் வெள்ளாமை அந்தக் கரையிலுமாக வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அங்கே பெரும்பாலானோர் சைவர்கள். கல்லாற்றுப் பக்கமும் களுவாஞ்சிக்குடியிலும் நாங்கள் கொஞ்சப்பேர் கிறிஸ்தவர்கள்.

கிறிஸ்தவர்களின் தவக்காலம், மெதடிஸ்தச் சபையார் சொல்கிற லெந்து நாட்கள், விபூதிப் புதனில் தொடங்கும். முந்தைய ஆண்டு குருத்தோலை ஞாயிற்றில் ஆசீர்வதித்துக் கொடுத்த ஓலையை வீட்டுச் சுவரில் செருகி வைத்திருப்போம். அது காய்ந்து பழுப்பாகிக் கிடக்கும். அதைக் கோவிலுக்குத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால், எரித்து, அந்தச் சாம்பலையே நெற்றியில் பூசுவார்கள். அன்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 40 நாள்.

இந்த 40 நாளும் எந்தக் காலத்தில் வருகின்றன என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் அது குளிர்காலத்தின் கடைசி. அந்தக் காலத்தில் களஞ்சியம் அடிதட்டிப் போயிருக்கும்; உப்பிட்ட இறைச்சி தீர்ந்துகொண்டிருக்கும்; கோழி மறுபடி முட்டையிடத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். நோன்பு சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அங்கே வயிறு பாதிதான் நிறையும். எங்கள் பக்கம் கதை வேறு. பெப்ரவரி, மார்ச் என்றால் படுவான்கரையில் மாரி வெள்ளாமை வெட்டி ஏறும் காலம். முற்றத்தில் நெல் காயும். புது அரிசி வீட்டுக்குள் வந்திருக்கும். வாடைக்காற்று அடங்கிக் கடலும் தணிந்து, கரைவலைக்காரர் தோணியைத் தள்ளத் தொடங்குவார்கள். முருங்கையில் இலை, மாமரத்தில் பிஞ்சு. ஆண்டிலேயே வீடு நிறைந்திருக்கும் அந்த மாதங்களில்தான் எங்களுக்கு ஒருசந்தி, அதாவது ஒரு நேரச் சாப்பாட்டு நோன்பு.

என் அம்மம்மா ஒருசந்தி இருந்ததை நான் கண்டிருக்கிறேன். காலையில் தேத்தண்ணி மட்டும். மத்தியானம் ஒரே ஒரு நேரம் சோறு. முருங்கை இலைச் சுண்டல், பருப்பு, மாங்காய் போட்ட ஒரு ஆணம். இரவில் சிறியதாக ஏதாவது. பெரிய வெள்ளியன்று அதுவும் இல்லை. மூட்டை மூட்டையாக நெல்லை வைத்துக்கொண்டு ஏன் இப்படிப் பட்டினி கிடக்கிறீர்கள் என்று சிறுபிள்ளையாகக் கேட்டால், "அரிசி எங்க மனே ஓடப்போகுது? அது பானைக்குள்ளதானே கிடக்கு" என்பார். ஒவ்வொரு நேரத்துக்கும் உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறு சட்டியில் போட்டு வருவார். தவக்காலம் முடிய அந்தச் சட்டி இன்னொரு வீட்டுக்குப் போகும். எந்த வீட்டுக்கு என்று சொல்லமாட்டார். இலங்கையில் கரித்தாஸ் அமைப்பு ஆண்டுதோறும் தவக்காலத்தில் சேமிப்பைத் திரட்டி ஏழைகளுக்கான பணிகளுக்குக் கொடுப்பதும் இதே வழக்கத்தின் தொடர்ச்சிதான். தலையைத் தாழ்த்திக்கொண்டு சாக்கு உடுத்துவதா நோன்பு, பசித்தவனோடு உணவைப் பகிர்வதல்லவா நோன்பு என்று ஏசாயா 58ஆம் அதிகாரம் கோபமாகக் கேட்கிறது. அம்மம்மா அந்த அதிகாரத்தை வாசித்தாரா தெரியாது. சட்டியை வைத்திருந்தார்.

சைவ உறவுகளுக்கு இதெல்லாம் புதிதில்லை. கந்தசஷ்டி ஆறு நாள், கேதார கௌரி 21 நாள், வெள்ளிக்கிழமை மரக்கறி. எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை இறைச்சி சமைக்காத வீடுகளில் எது சைவ வீடு, எது கத்தோலிக்க வீடு என்று மணத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சம் தள்ளிக் கல்முனையிலும் காத்தான்குடியிலும் றமழான் நோன்பு. பட்டினியைப் பக்தியாக்கத் தெரிந்தவர்களுக்கு எங்கள் கடற்கரையில் பஞ்சமே இருந்ததில்லை.

ஆனால் ஒரு கள்ளத்தையும் சொல்லத்தான் வேண்டும். தவக்கால வெள்ளியில் இறைச்சி ஆகாது, மீன் ஆகும் என்பது திருச்சபை விதி. இறைச்சி பெரிய விருந்தாகவும் மீன் ஏழை உணவாகவும் இருந்த தேசத்தில் எழுந்த விதி அது. மட்டக்களப்பானிடம் போய், இன்றைக்கு மாட்டிறைச்சியை விட்டுவிட்டு வாவி இறாலும் நண்டும் சாப்பிடு, இதுதான் தவம் என்றால் அவன் ஆண்டு முழுவதும் தவம் செய்யத் தயார்! விதியைக் காப்பாற்றிக்கொண்டு நோன்பைத் தொலைக்கிற கெட்டித்தனம் இது. இதில் வாவிக்கும் ஒரு கணக்கு உண்டு. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை இரவில் இறங்குகிறது. குஞ்சும் குருமனும் வாரப்படுகின்றன. மீன் ஒதுங்கிப் பெருகும் கண்டல் மரங்கள் பல இடங்களில் அழிந்துவிட்டன. எங்கள் ஊர்த் தவக்காலத்தில் விட வேண்டியது இறைச்சியை விட இறாலைத்தான் என்பது என் எண்ணம். குருவானவர்கள் கோபிக்க வேண்டாம்.

நோன்பு இயற்கையின் பாரத்தையும் குறைக்கும் என்பதற்கு நீங்கள் வாழும் இந்த நாட்டில் ஓர் அளந்த சாட்சி இருக்கிறது. வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கும் கட்டாயத்தை 1980களில் தளர்த்திய இங்கிலாந்து, வேல்ஸ் கத்தோலிக்க ஆயர்கள், 2011 செப்டெம்பரில் அதை மறுபடி கொண்டுவந்தார்கள். சூழலை நினைத்துச் செய்ததல்ல, முழுக்க முழுக்கச் சமய ஒழுக்கத்துக்காக. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் அதன் விளைவைக் கணக்கிட்டார்கள். கத்தோலிக்கரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர்தான் தங்கள் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை மாற்றினார்கள். அவர்களிலும் எல்லோரும் முற்றாக இறைச்சியை விடவில்லை; பலர் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவே. அப்படியிருந்தும் ஆண்டுக்கு 55,000 தொன்னுக்கு மேல் காபன் மிச்சம் என்று கணக்கு வந்தது. வாரத்தில் ஒரு நாள், சிறுபான்மைச் சபையில் ஒரு சிறு பகுதி. அரசாங்கம் வரி போட்டு, விளம்பரம் செய்து, வாதாடிச் சாதிக்க வேண்டியதை, கோவிலில் வாசித்த ஓர் அறிவித்தல் செய்திருக்கிறது.

அதற்கு முன்பே, 2008இல், லிவர்பூல், லண்டன் அங்கிலிக்கன் ஆயர்கள் தவக்காலத்தில் காபன் நோன்பு இருக்கச் சொன்னார்கள்: இனிப்பை விடுவதற்குப் பதிலாக மின்சாரத்தையும் எரிபொருளையும் குறையுங்கள் என்று. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரியில் மடு மாதாவிடம் வந்து போனதை இங்கே பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதே ஆண்டு ஜூனில் அவர் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்ற சுற்றுமடல், மனிதர் விட மறுக்கும் பழக்கங்களுக்கு உதாரணமாக எதைச் சொல்கிறது தெரியுமா? ஏசியை. அந்த இடத்தை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் புது வீடுகள்தான் ஞாபகம் வந்தன. நீங்கள் அனுப்பிய காசில் எழும்பியவை. மாடி, கண்ணாடி யன்னல், சுற்றிவரக் கொங்கிறீற்று மதில். பின்னேரம் கடற்காற்று மதிலில் முட்டித் திரும்பிப் போகும். உள்ளே ஏசி ஓடும். ஓலைக் கிடுகு வீட்டுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அதில் மழைக்கு நனைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். யன்னலை எங்கே வைப்பது என்று மேசனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

இல்லாமையை நோன்பு என்று சொல்லி ஏமாற்றுவோரும் உண்டு, அதையும் தெளிவாக்க வேண்டும். 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதிக்கு ஒரே நாளில் தடை வந்தது. நவம்பரில் நீக்கினார்கள், அதற்குள் மாரி விதைப்பு நடந்து முடிந்த வயல்களுக்கு என்ன பயன்? 2022இல் விபூதிப் புதன் மார்ச் 2ஆம் திகதி. அந்த முறை வெள்ளாமை வெட்டி ஏறியபோது நெல் மிகவும் குறைவு. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 17; அதற்கு ஐந்து நாளுக்கு முன்தான் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அறிவித்தது. எல்லோரும் சைக்கிளில் போனோம், விறகில் சமைத்தோம், ஒரு நேரம் சாப்பிட்டோம். காபன் குறைந்திருக்கும், சந்தேகமில்லை. அதை எளிய வாழ்வு என்று ஒருவர் புகழ்ந்து எழுதியதை வாசித்தபோது எனக்கு எரிந்தது. பிள்ளைக்குப் பால்மா இல்லாமல் நின்ற தாய்க்குப் பெயர் தவசி இல்லை. விட முடிந்தவன் விட்டால்தான் அது நோன்பு.

விட முடிந்தவர்கள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்தப் போதகர் இங்கிலாந்திலிருந்து மட்டக்களப்புக்கு வந்தார். பள்ளிக்கூடம் தொடங்கினார், இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு அதுதான் வித்து. ஓர் ஆண்டுகூட நிறையவில்லை, 1815 ஏப்ரல் 1ஆம் திகதி நோயில் இறந்து அங்கேயே அடக்கமானார். அவரை அனுப்பிய சபையின் தந்தை ஜோன் வெஸ்லி, வாலிபத்தில் ஒக்ஸ்போட்டில் புதனும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணிவரை உண்ணாதிருந்தவர். தொடக்ககால மெதடிஸ்தர் ஒருவரைப் பற்றித் தமது பிரசங்கமொன்றில் அவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒருவர் வெஸ்லியேதான் என்பார்கள். அந்த மனிதருக்கு ஆண்டு வருமானம் 30 பவுண். 28இல் வாழ்ந்து 2ஐக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60. அப்போதும் 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். மூன்றாம் ஆண்டு 90. செலவு அதே 28. நாலாம் ஆண்டு 120. செலவு அதே 28, கொடுத்தது 92.

வெஸ்லி காபனைக் கண்டாரா, காலநிலையைக் கண்டாரா? ஆனால் இன்று சூழலியலாளர் தொண்டை கிழியச் சொல்வது இந்தக் கணக்கைத்தான். சம்பளம் உயர்ந்தால் வீடு பெருக்கிறது, கார் இரண்டாகிறது, ஆண்டுக்கொரு புதுத் தொலைபேசி. லண்டனில் இருந்து கொழும்புக்கு ஒருவர் விமானத்தில் போய் வரும்போது அவர் பங்குக்குச் சேரும் காபன், இலங்கையில் சராசரி ஒருவர் ஆண்டு முழுவதும் வெளியிடுவதைவிடக் குறையாது. நானும் சைக்கிளில் வந்து இறங்கவில்லைதான்! தாய் தகப்பனைப் பார்க்க வரவேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வருகிறவர்கள் இரண்டு கிழமையில் ஓடிவிடாமல் இரண்டு மாதம் நில்லுங்கள். நாலு முறை வருவதை இரண்டு முறையாக்குங்கள். பெற்றோருக்கும் அதுதான் விருப்பம்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்லிவிட்டுப் போகிறேன். ஊர்க்கோயில் சடங்குக்கும், மாதா திருவிழாவுக்கும், அந்தியேட்டிக்கும், முப்பத்தோராம் நாளுக்கும் அன்னதானச் செலவை இங்கிருந்து அனுப்புகிறீர்கள். நல்ல காரியம். அந்தக் காசில் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? சோறு, கறி, அத்தோடு கட்டுக்கட்டாகச் சோறு பரிமாறும் லஞ்சீற் பொலித்தீன், பெட்டிபெட்டியாகப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல், சொப்பின் பேக். 2017 ஏப்ரலில் கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்ல குப்பைமேடு வீடுகள்மேல் சரிந்து உயிர்கள் போன பிறகு, அந்த செப்டெம்பரில் அரசு லஞ்சீற்றுக்குத் தடை போட்டது. 2021இல் மீண்டும் போட்டது. தடை வர்த்தமானியில் இருக்கிறது, லஞ்சீற் வாவிக்குள் இருக்கிறது. வீச்சுவலையை இழுக்கிறவன் மீனை எடுக்குமுன் அதைப் பிய்த்து எறிய வேண்டியிருக்கிறது. அம்பாறை, பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டில் இருபது யானையளவில் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. எங்கள் ஊரில் இருந்து அம்பாறை ஒன்றும் தூரமில்லை.

ஆகவே, காசு அனுப்பும்போது கூடவே ஒரு நிபந்தனையும் அனுப்புங்கள். வாழையிலை அல்லது கழுவித் திரும்ப எடுக்கும் தட்டு. தண்ணீருக்குக் குடமும் குவளையும். கொடுக்கிறவர் கேட்டால் தர்மகர்த்தாவும் கேட்பார், பங்குச் சபையும் கேட்கும். பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஓர் ஊருக்குப் போதுமான எவர்சில்வர் தட்டும் குவளையும் வாங்கி, கோயிலில் ஒரு தொகுதி, தேவாலயத்தில் ஒரு தொகுதி என்று வைத்துவிடலாம். கல்யாணவீடு, செத்தவீடு எதற்கும் இரவல் கொடுக்கலாம். இதற்கான பட்டியலை மண்டப வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். பெயரை எழுதுகிறவர்கள் தங்கள் ஊரையும் எழுதுங்கள். களுதாவளைக்காரர் தட்டு கல்லாற்றுக்குப் போய்விட்டது என்று பிறகு சண்டை வரக்கூடாது.

சாப்பாடு ஆறுகிறது.