கறுப்பு வீடும் வெள்ளை வீடும்

ஸ்காட்லாந்து என்றவுடன் குன்றின்மேல் நிற்கும் கோட்டைகளே பலருக்கு நினைவில் எழும். கோட்டைகளில் வாழ்ந்தோர் சிலர். அவர்களுக்கு வரி செலுத்தியோர் பலர். அக்குடியானவர்கள் தம் கையாலேயே எழுப்பிய வீட்டைப் பற்றி இன்று நாம் பேசுவோம்.

அந்நாடு முழுவதும் ஒரே வகை வீடு இருந்ததில்லை. கிழக்கே ஃபைஃப் பகுதியின் கரையோரச் சிற்றூர்களில் சிவந்த ஓடு வேய்ந்த வீடுகள் உண்டு. அவற்றுள் பலவற்றின் முக்கோணச் சுவர்களின் விளிம்பு படிப்படியாக உயரும். காக்கைப் படி என்றே அதற்குப் பெயர். ஓவியர்கள் விரும்பி எழுதும் வீடுகள் அவை. நாம் செல்ல வேண்டியதோ வடமேற்கே அட்லாண்டிக் கடலில் கிடக்கும் லூயிஸ் தீவுக்கு. அங்குள்ள பழைய வீட்டைக் 'கறுப்பு வீடு' என்பர்.

அத்தீவில் மரம் அரிது, காற்றோ ஓய்வதில்லை. எனவே சாந்து பூசாத கற்களால் இரண்டு சுவர்களை எழுப்பி, இடையே மண்ணை நிரப்பினர். சுவரின் கனம் சில இடங்களில் 6 அடியை எட்டும். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்துக் கட்டினர். காற்று மோதாமல் வழுக்கிச் செல்லும். கூரை சுவருக்கு வெளியே நீளாது, உட்சுவரின்மேல் அமர்ந்திருக்கும். இறவாரம் இருந்தால் அல்லவா புயல் அதைப் பற்றித் தூக்கும்! கூரையில் வடியும் மழைநீர் சுவரிடை மண்ணில் இறங்கி அதை ஈரமாக வைக்கும்; ஈரமண் கல்லிடுக்குகளின் வழியே காற்று புகாமல் தடுக்கும். வேய்ந்த வைக்கோலின்மேல் கயிறுகளை வீசி, அவற்றின் நுனியில் கற்களைக் கட்டித் தொங்கவிட்டனர். கூரைச் சட்டங்களுக்குப் பெரும்பாலும் கடல் கொணர்ந்து ஒதுக்கிய மரமே உதவியது.

உள்ளே புகைபோக்கி கிடையாது. தரையின் நடுவே பீட் எரியும். சதுப்பு நிலத்தில் மட்கிய செடிகளை வெட்டி உலர்த்திய கட்டிகளே பீட். புகை கூரையில் ஊடுருவி மெல்ல வெளியேறும். புகைக்கரி படிந்த பழைய வைக்கோலைப் பிரித்தெடுத்து வயலுக்கு எருவாக இட்டனர். அதே கூரையின்கீழ், தாழ்ந்த கோடியில் மாடுகள் நின்றன. குளிர்காலத்தில் அவற்றின் வெப்பமும் வீட்டாருக்குப் பயன்பட்டது. இத்தனை நுட்பத்தையும் காணாது, 'அழுக்குக் குடில்' என்று எழுதிச் சென்ற பயணிகள் பலர். அவர்கள் சொன்னது முழுப் பொய்யுமன்று. புகை கண்ணைக் கரித்தது. மாட்டுச் சாணம் வசந்தம் வரை உள்ளேயே குவிந்து கிடந்தது.

ஏன் இதைவிட நல்ல வீடு கட்டவில்லை? நிலம் அவர்களுடையதன்று என்பதே விடையின் பெரும்பகுதி. நிலக்கிழார் விரும்பிய நாளில் குடியானவரை வெளியேற்றலாம். பெருநிலப் பகுதியைச் சேர்ந்த சதர்லாந்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆட்டுப் பண்ணைகளுக்காக ஊர் ஊராக மக்கள் அகற்றப்பட்டனர். அவர்கள் திரும்பி வந்து குடியேறாதபடி கூரைமரங்களுக்குத் தீயிட்டதும் உண்டு. வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் தயங்குகிற நமக்கு, அக்குடியானவரின் தயக்கம் விளங்காமற் போகாது. 1886ஆம் ஆண்டுச் சட்டமே சிறுகுடியானவர்களுக்கு நிலையான குடியிருப்புரிமையையும், தாம் செய்த மேம்பாட்டுக்கு ஈட்டுத்தொகை பெறும் உரிமையையும் அளித்தது. அதன்பின், சுண்ணச் சாந்திட்ட ஒற்றைச் சுவரும் புகைபோக்கியும் உடைய 'வெள்ளை வீடுகள்' பெருகின. புதியது வெள்ளையானதால்தான் பழையது கறுப்பாயிற்று என்பாரும் உளர்.

லூயிஸ் தீவின் ஆர்னல் என்னும் ஊரில் 42ஆம் எண் வீடு காக்கப்பட்டு வருகிறது. காண்போர் அதை ஆயிரம் ஆண்டுப் பழமை உடையதென எண்ணுவர். அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்ததே. அதில் 1966 வரை ஒரு குடும்பம் வாழ்ந்தது. அதே தீவிலுள்ள கேரனினில் கடைசிக் குடிகள் 1974இல் ஊராட்சி கட்டித்தந்த வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். முதியவர்களாகிய அவர்களுக்குக் கூரை வேய்ந்து பேணும் வலிமை குன்றியிருந்தது. கேரனின் வீடுகளைப் பின்னர்ப் புதுப்பித்தனர். இப்போது பயணிகள் அவற்றில் பணம் கொடுத்துத் தங்குகின்றனர்.

ஆர்னல் வீட்டில் குடியிருப்பவர் எவருமில்லை. ஆயினும் காவலர் அங்கே பீட் நெருப்பு மூட்டுகிறார். வைக்கோலினூடே புகை இன்றும் கசிகிறது. அருகிலேயே 1920களில் எழுந்த ஒரு வெள்ளை வீட்டையும் திறந்து வைத்திருக்கின்றனர். அதற்குப் புகைபோக்கி உண்டு.