கூளம் போட்ட மண்

(பாப்பிரெட்டிப்பட்டிக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. கையில மண் இருந்தா பேச்சு வரும். அதனால ரெண்டு ஓடு கொண்டுவந்திருக்கேன். கை மாத்திப் பாருங்க.

மழமழன்னு இருக்கிறது, நான் செய்த முதல் பெரிய சிலையின் கணுக்கால். செங்கல் சூளையில் மண் சுமக்கும் பெண், ஏழடி உயரம். எங்கம்மா செஞ்ச வேலை அது. சலித்த ஏரி மண்ணை மட்டும் வைத்துக் கட்டினேன். மண் சுத்தமா இருக்கணும், எதையும் கலக்காதே என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். சுத்தம் என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? காயும்போதே இடுப்பில் விரிசல். பூசி மறைச்சுட்டுச் சுட்டேன். தீ ஏறின கொஞ்ச நேரத்தில் டமார்னு ஒரு சத்தம். காலே போச்சு.

களிமண் காய்ந்தால் சுருங்கும். 10 செ.மீ. கோடு கிழித்த என் மண்பட்டை காய்ந்ததும் 9 ஆனது. சட்டிக்கு அது பெரிசில்லை. ஏழடி உருவத்தில் தோள் காய்ந்திருக்கும், அடி ஈரமா இருக்கும்; ஒன்றை ஒன்று இழுக்கும். கனத்த இடத்தில் தங்கின ஈரம் 100 டிகிரியில் ஆவியாகும். போக வழியில்லேன்னா உடைச்சுக்கிட்டுப் போகும்.

எங்க பெரியம்மா உடைஞ்சதைப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "கூளம் போடாம எவனாச்சும் செவுத்து மண்ணு மிதிப்பானாடா?" காலமெல்லாம் மண்சுவர் வைத்தவர். ஊருக்குள்ள பாதிச் சுவர் நம்ம ஆட்கள் மிதித்த மண். சிற்பம் படித்த நான் அதை ஒரு அறிவாகவே எண்ணியதில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் அய்யனார் குதிரை செய்யும் வேளார்களும் மண்ணில் மணலும் உமியும் சேர்க்கிறார்கள். கால்களை முதலில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி, நின்ற இடத்திலேயே சுற்றிலும் சூளை கட்டிச் சுடுவார்கள். ரான் டு பாய்ஸ் என்ற அமெரிக்கர் இதை 1982ல் படமாகவே எடுத்தார்.

பிறகு ஒரு வருசம் சோதனைதான். சூளையில் கழித்த செங்கல்லை இடித்து, ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு போட்டேன். அது ஏற்கெனவே வெந்தது, இனிச் சுருங்காது. பட்டை 9.4ல் நின்றது. உமி எரிந்துபோய் ஆவிக்கு வழி விடும், கனமும் குறையும். கையில இருக்கிற பொத்தல் ஓடு அதுதான். ஆசைப்பட்டு அதிகம் போட்டால் விரலாலேயே உதிரும். அவசரப்பட்டு எரித்தால் நடுவில் கருத்துவிடும். கரும்புச் சக்கை கையைக் கிழித்தது, விட்டுட்டேன். பழைய பேப்பரை ஊறவைத்த கூழ்தான் அதிசயம்: காய்ந்த தோளில் ஈரக் கையை ஒட்டலாம். ஒரு வாரம் வைத்தால் நாறும், அவ்வளவுதான். ஆனா 573 டிகிரியில் மணல் திடீரென விரியும். அதுக்கு எந்தச் சேர்க்கையும் காவல் இல்லை. தீயை மெதுவா ஏத்தணும்.

மண் எடுக்கப் போனப்போ ஏரிக்கரையில ஒருத்தர் கேட்டார், "நீ என்ன குயவனா?" மண்பாண்டத்துக்கும் விவசாயத்துக்கும் ஏரி மண் எடுக்க 2024லேருந்து தாசில்தாரே அனுமதி தரலாம். அவர் கேட்டது அனுமதிச் சீட்டை இல்லை. சீட்டைக் காட்டினேன். திரும்பவும் அதையே கேட்டார். "மண்ணு மிதிக்கிறவன்"னு சொல்லிட்டு மூட்டையைத் தூக்கினேன்.

இரண்டாவது சிலை கழுத்துவரைக்கும் வந்திருக்கு. தோளில் ஒரு விரிசல். இந்தத் தடவை பூசி மறைக்கலை. தலைக்கும் மண்சட்டிக்கும் இன்னும் பத்து மூட்டை மண் மிதிக்கணும். ஞாயித்துக்கிழமை சும்மா இருக்கிற தோழர்கள் வாங்க. உமி இருக்கு, கால்தான் பத்தலை.