பழைய குளிர்பதனப் பெட்டியில் எஞ்சிய வாயு



ஓசோன் படலத்தைப் பற்றிப் பேச வந்தவன் சமையலறைக்குள் நுழைவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் அப்படலத்தை அரிக்கும் வாயுக்களில் ஒரு பகுதி இன்னும் பழைய வீட்டுச் சாதனங்களுக்குள்தான் அடைபட்டுக் கிடக்கிறது.

1987 செப்டம்பர் 16ஆம் நாள் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சிங்கப்பூர் 1989 ஜனவரியில் அதில் சேர்ந்தது. இவ்வாயுக்கள் நம் நாட்டில் உற்பத்தியானவை அல்ல, அனைத்தும் இறக்குமதியே. ஆகவே வாயிலிலேயே அவற்றை மடக்க முடிந்தது. அனுமதித்த அளவில் ஒரு பாதி முந்தைய பயன்பாட்டுக்கு ஏற்பப் பங்கிடப்பட்டது. மறுபாதி விலைகோரி விடப்பட்டது. விலை ஏறியதும் தொழிற்சாலைகள் மாற்று வழி தேடின. உபதேசத்தைவிடக் கைப்பணம் விரைவாகப் பாடம் கற்பிக்கும் போலும்! 1996 முதல் குளோரோபுளோரோகார்பன் இறக்குமதி நின்றது.

ஆனால் உடன்படிக்கை உற்பத்தியையும் வாணிபத்தையுமே தடுத்தது. முன்னரே பெட்டிகளுக்குள் புகுந்துவிட்டதை மீட்டாக வேண்டுமென அது எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. மிச்சம் அங்கேதான் இருக்கிறது.

அக்காலத்துக் குளிர்பதனப் பெட்டி ஒன்றில் ஆர்-12 வாயு ஏறத்தாழ 150 கிராம் இருக்கும். எடையில் அது சிறிதே; புவியைச் சூடாக்குவதிலோ ஒன்றரை டன் கரியமிலவாயுவுக்கு ஈடு. பெட்டிச் சுவரின் நுரையிலும் அதன் இனத்து வாயு ஒளிந்திருக்கிறது. செம்புக்காக எவரேனும் குழாயை அறுத்தால், சில நொடிகளில் வாயு பறந்துவிடும். அறுப்பவருக்குக் கிடைப்பது சில வெள்ளி மட்டுமே.

2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மின்கழிவுத் திட்டத்தின்படி, புதிய பெட்டியைக் கொண்டுவந்து தரும் கடைக்காரர் பழையதைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வேண்டும். கேட்டுப் பெறுங்கள். பிடித்த வாயுவைத் தூய்மைப்படுத்தி மறுபடி பயன்படுத்தலாம். உதவாததை 1,100 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட உலையில் எரித்து அழிக்கலாம்.

பழைய குளிர்சாதனங்கள் பலவற்றில் ஆர்-22 உள்ளது. ஓசோனுக்கு அதன் தீங்கு குறைவே, எனினும் தீங்குதான். சாதனத்தைக் கழற்ற வரும் தொழிலாளியிடம், வாயுவை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைத்த பின்னரே குழாயைப் பிரிக்குமாறு சொல்லுங்கள். தேக்காவில் பூவும் இறைச்சியும் விற்கும் வணிகர்களுக்கும் ஒரு வார்த்தை: குளிரூட்டிக்கு அடிக்கடி வாயு நிரப்ப வேண்டியிருந்தால், எங்கோ கசிவு உள்ளது. முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள்; பிறகு நிரப்பலாம்.