மேட்டில் இழுக்காத வண்டி: முதலில் எங்கே பார்ப்பது?

(மாத்தளை மாவட்டத் தோட்டம் ஒன்றில், வாகனம் வைத்திருக்கும் குடும்பங்களுக்காக நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்.)



நாங்கள் மூன்று பேரும் மேடைப் பேச்சாளர்கள் இல்லை. டவுனில் ஒரு சின்னக் கராஜில் வேலை செய்கிறவர்கள். நாங்களும் லயத்தில் பிறந்தவர்கள்தான். அம்மாமார் கொழுந்து எடுத்த காசில்தான் ஸ்பானர் பிடிக்கப் பழகினோம். அதனால் இன்றைக்குப் பெரிய பேச்சு எதுவும் பேசப் போவதில்லை. எங்கள் கையால் நடந்த ஒரு பிழையையும், அதில் நாங்கள் படித்த பாடத்தையும் சொல்லிவிட்டுப் போகிறோம்.

நம்முடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாகவே மாத்தளைக்கு வந்தார்கள். 1880-இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. ஆனால் ரயில் மலைக்கு மேலே ஏறவில்லையே! இன்றைக்கும் ரத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவப் பக்கத்து மேட்டு றோட்டுகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் ஏற்றி இறக்குவது பெரும்பாலும் ஒரு பழைய வேன், இல்லாவிட்டால் ஒரு ஓட்டோ. 2016-இல் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை நல்ல சேவைதான். என்றாலும் அவசரத்துக்கு நாம் முதலில் கூப்பிடுவது பக்கத்து லயத்து வேனைத்தானே?

அந்த வேனும் புது வேன் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருபது, முப்பது வருஷத்து வண்டிகூடத் தங்க விலைக்குப் போனது. அந்த விலை கொடுத்து வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள்.

அப்படி வாங்கிய ஒரு குடும்பத்தின் கதை இது. பெயர் வேண்டாம். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஈ.பி.எப். காசு வந்தது. மகன் அந்தக் காசில் ஒரு பழைய டீசல் வேன் வாங்கினார். காலையில் பள்ளிப் பிள்ளைகள், பகலில் ஆஸ்பத்திரிப் பயணம், அதுதான் வீட்டுக்கு வருமானம். ஆறு மாதம் நன்றாக ஓடிய வேன், பிறகு மேட்டில் இழுக்காமல் போனது. மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் போட்டும் முக்கியது. ஒரு இடத்தில் காட்டினாராம். "என்ஜின் முடிஞ்சுது தம்பி, முழுசாக் கழட்டிச் செய்யணும்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்ட தொகை, ஈ.பி.எப். காசில் மிச்சம் இருந்தது அத்தனையும்.

அவர் எங்களிடம் வந்தார். நாங்கள் பார்த்தோம். டீசல் பில்டர் அழுக்காக இருந்தது. புதுசு போட்டோம். வேன் பாய்ந்து ஓடியது. "என்ஜினுக்கு ஒண்ணுமில்லை, போய் வாங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பினோம். அதுதான் நாங்கள் செய்த பிழை.

நான்காம் நாள் இரவு, நல்ல மழை. அதே வேனில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். வழியில் ஒரு மேட்டு வளைவு. அங்கே வேன் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். நகரவில்லை. உள்ளே அந்தப் பெண் வலியில் துடிக்கிறாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தபோது, ஒன்றுமே நடக்காதது போல வேன் ஏறிவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு யார் பொறுப்பு? நாங்கள்தான்.

மறுநாள் வேனோடு கூடவே ஒரு வயசான அம்மாவும் வந்தார். கொழுந்து எடுத்த கை. அவர் சொன்னார்: "தம்பி, இந்த வண்டி எப்பவும் இப்படித்தான். கொஞ்ச நேரம் நின்னு களை ஆறிட்டா நல்லா இழுக்குது. தூரம் போகப் போகத்தான் சோந்து போகுது." நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதை நாங்கள் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

ஏன் தெரியுமா? டீசல் என்ஜினில் பிளக் நெருப்பு கிடையாது. காற்றை நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானே பற்றும். அதற்குக் காற்று வேண்டும், டீசல் வேண்டும், நெருக்கம் வேண்டும். நெருக்கம் போய்விட்டால், அதாவது பிஸ்டன் ரிங்கோ வேல்வோ தேய்ந்துவிட்டால், வண்டி பத்து நிமிஷம் நின்றதற்காகக் குணமாகாது. காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிக்கும். நின்று ஆறினால் சரியாகிறது என்றால், ஓடும்போது ஏதோ ஒன்று மெல்ல மெல்ல அடைபடுகிறது, நின்றதும் விலகுகிறது என்று அர்த்தம்.

இந்த முறை ஊகம் செய்யாமல் சோதித்தோம். சுத்தமான ஒரு கேனில் நல்ல டீசல் ஊற்றி, அதைப் பத்திரமாகக் கட்டி, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக என்ஜினுக்குக் குழாய் கொடுத்தோம். அதே மேடு, அதே ஆட்கள். வேன் தடையில்லாமல் ஏறியது. அப்போது என்ஜினும் பம்பும் குற்றவாளி இல்லை. குற்றவாளி டேங்க் பக்கம்தான் இருக்கிறான். (இதை டீசல் வண்டியில் பாஸ்மார் மட்டும் செய்யலாம். பெற்றோலில் யாரும் செய்யக் கூடாது, தீப்பிடிக்கும்.)

டேங்கை இறக்கினோம். அடியில் தண்ணீர், துரு, கறுப்புக் களி. மலைக் குளிரில் பாதி காலியான டேங்கின் உள்ளே ஈரம் வியர்த்துத் தண்ணீராக இறங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து களியாகும். 2022-இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, பழைய பீப்பாயிலும் கேனிலும் சேர்த்து வைத்து ஊற்றிய வண்டிகள் எத்தனை! அந்த அழுக்கு இன்னும் சில டேங்குகளின் அடியில் கிடக்கிறது. டீசல் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சின்னச் சல்லடை இருக்கும். வண்டி ஓட ஓட, களி அந்தச் சல்லடையில் போய் ஒட்டும். நின்றால் உறிஞ்சல் நின்று, களி கீழே உதிரும். அந்த அம்மா சொன்ன 'களை ஆறுவது' இதுதான். நாங்கள் புது பில்டர் போட்டது, வீட்டுக்குள் சேறு வரும்போது வாசலை அடைக்காமல் தரையை மட்டும் கூட்டியது போல.

டேங்கைக் கழுவி, சல்லடையைச் சுத்தம் செய்து, வெடித்திருந்த ஒரு ரப்பர் குழாயை மாற்றி, பில்டரை இன்னொரு முறை மாற்றி, கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியே எடுத்தோம். அவ்வளவுதான் வேலை. கூலி வாங்க எங்களுக்கு மனசு வரவில்லை. சாமான் காசு மட்டும் வாங்கினோம்.

சரி, உங்கள் வண்டி மேட்டில் இழுக்காவிட்டால் என்ன செய்வது? காசு செலவில்லாததை முதலில் பாருங்கள்.

ஒன்று, கேள்வி கேளுங்கள். எப்போதிருந்து? திடீரென்றா, மெல்ல மெல்லவா? சூடானபோதா, குளிரிலா? ஓட்டுகிறவரை மட்டுமல்ல, கூடப் போகிறவர்களையும் கேளுங்கள்.

இரண்டு, எக்சலேட்டர். என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, மற்றவர் அது இழுக்கும் நெம்பு கடைசிவரை போகிறதா என்று பாருங்கள். கேபிள் தளர்ந்தாலும், காலடி விரிப்பு தடுத்தாலும் பாதிச் சக்திதான் கிடைக்கும்.

மூன்று, பிரேக் பிடித்துக்கொண்டு இருக்கிறதா? பிரேக் அதிகம் போடாமல் கொஞ்ச தூரம் ஓடி நிறுத்தி, நான்கு சில்லுக்கும் கிட்டக் கை வைத்துச் சூடு பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கேதான் கோளாறு.

நான்கு, கிளச். மேட்டில் என்ஜின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. என்ஜினில் கை வைக்க வேண்டாம்.

ஐந்து, புகை. கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் சரியாகத் தெளிக்கவில்லை. ஏயர் பில்டரை முதலில் பாருங்கள், நம்முடைய மண் றோட்டுத் தூசு அதைச் சீக்கிரம் அடைக்கும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. சூடான பின்னும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். புகையே இல்லை, இழுக்கவும் இல்லை என்றால் பெரும்பாலும் டீசல் போதவில்லை.

ஆறு, டீசல் பில்டர். அடியில் திருகு இருந்தால் அவ்வப்போது திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். புது பில்டர் போட்டும் சில நாளில் மறுபடி அதே கோளாறு வந்தால், டேங்கைப் பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் கொம்பிரஷன் சோதனை. அளவுக் கருவி வைத்துச் சோதித்து, எண்ணைக் காட்டாமல் "என்ஜின் முடிஞ்சுது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நாங்கள் சொன்னாலும்கூட.

ஓட்டோவும் பெற்றோல் காரும் வைத்திருப்பவர்கள் பிளக், ஏயர் பில்டர், காபரேட்டர், வேல்வ் இடைவெளி இவற்றைப் பாருங்கள். சைலன்சரில் கரி அடைத்தாலும் என்ஜினுக்கு மூச்சுத் திணறும். கொஞ்சம் பிந்திய கார்களில் டேஷ்போட்டில் என்ஜின் விளக்கு எரிந்தால், கருவியில் கோளாறு இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். டர்போ இல்லாத என்ஜின் 1000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். டவுனில் ஓடிய மாதிரி மேலே ஓடாது. அது நோய் இல்லை, ஆனால் ஆட்களைத் திணிக்காமல் இருக்க ஒரு காரணம். டீசலில் மண்ணெண்ணெய் கலக்கவும் வேண்டாம். வழுவழுப்பு குறைந்து பம்ப் தேயும். ஜெக் மட்டும் போட்ட வண்டிக்குக் கீழே யாரும் படுக்க வேண்டாம், முட்டுக் கொடுத்த பிறகுதான்.

வேன் வாங்கப் போகும் தம்பிமாரே, தட்டையான றோட்டில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆட்களை ஏற்றி ஒரு நல்ல மேட்டில், அரை மணித்தியாலமாவது ஓட்டிப் பாருங்கள். விற்கிறவர் மறுத்தால், அதுவே பதில்.

அந்தக் குடும்பத்தின் வேன் இன்றும் ஓடுகிறது. மழை இரவில் வளைவில் நின்ற வேனில் பிறக்க இருந்த அந்தப் பிள்ளை, இப்போது தாயின் மடியில் உட்கார்ந்து அதே வேனில் கிளினிக்குப் போகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு வெட்கமும் வருகிறது, சந்தோஷமும் வருகிறது. நாங்கள் பட்டதை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதைச் சொல்ல வந்தோம்.

 வெளியே மூன்று வண்டிகள் நிற்பதைப் பார்த்தோம். தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், சேர்ந்தே பொனட்டைத் திறந்து பார்ப்போம்.