வாய் சொல்வதும் உள்ளம் நினைப்பதும்



கண்ணிவெடி அபாயம், கூரைத் தகடு, நிவாரண அட்டை பற்றி இந்தக் கைநூலின் மற்றப் பக்கங்களில் வாசிப்பீர்கள். நான் கதைக்க வந்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு விடயம்.

முகாமிலிருந்து வன்னிக்குத் திரும்பிய ஐயா ஒருவரிடம் சுகம் விசாரித்தேன். "எனக்கென்ன குறை, நல்லா இருக்கிறன்" என்றார். வளவில் தென்னம்பிள்ளை வைக்கவில்லையா என்று கேட்டேன். "அது காய்க்க ஆறேழு வருசம் செல்லும். அதுவரைக்கும் ஆர் இருப்பினம்?" என்றார்.

இரண்டு பதிலும் உண்மைதான். எங்களுக்குள் இரண்டு சுயமதிப்பு உண்டு. ஒன்று, கேட்டால் வாயால் சொல்வது. மற்றது, நாங்கள் அறியாமலே உள்ளே இருப்பது. சாவை அருகில் கண்டவர்களிடம் இவை வேறு வேறாக இருக்கலாம்.

1986இல் அமெரிக்க உளவியலாளர் மூவர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சாவுப் பயத்துக்கு மனிதர் போடும் வேலி, "நான் பெறுமதியானவன்" என்ற எண்ணமே என்பது அது. சாவை நேரே நினைக்கும்போது "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று தள்ளிவிடுகிறோம். நினைவு மறைந்த பின்பும் பயம் உள்ளே இருந்து அந்த வேலியைத் தேடுகிறது. ஆனால் தொழில், காணி, ஊரில் இருந்த பெயர் என்று எங்கள் வேலிக் கதியால்கள் பலவற்றை இடப்பெயர்வு பிடுங்கிவிட்டது.

அதனால்தான் சிலர் சின்னச் சொல்லுக்கும் கோபப்படுகிறார்கள். சிலர் எதையும் தொடங்காமல் இருக்கிறார்கள். சிலர் "நான் ஏன் தப்பினேன்?" என்று தங்களையே குற்றம் சொல்கிறார்கள். இது பைத்தியமும் அல்ல, வெட்கப்பட வேண்டியதும் அல்ல.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை:

• "சுகமா?" என்று கேட்பதோடு நிற்காமல், அவர் எதைச் செய்யாமல் விடுகிறார் என்று கவனியுங்கள்.

• கெதியில் பலன் தரும் வேலையில் தொடங்குங்கள். ஒரு முருங்கைத் தடி, ஒரு பாத்திக் கீரை போதும்.

• முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உண்மையில் தேவையான ஒரு பொறுப்பைக் கொடுங்கள்.

• அந்தியேட்டியோ பூசையோ செய்ய முடியாமல் போனவர்கள் இப்போதும் செய்யலாம். காணாமற்போனவருக்காகக் காத்திருப்பவரை மட்டும் சடங்கு செய்யும்படி வற்புறுத்த வேண்டாம்.

• நித்திரையின்மை, குடி, "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு தொடர்ந்தால், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்று சொல்பவரைத் தனியே விடாதீர்கள்.

அந்த ஐயா இன்னும் தென்னை வைக்கவில்லை. ஆனால் கண்ணிவெடிப் பிரிவினர் பார்த்து முடித்த பொதுக் கிணற்றை இறைக்கும் சிரமதானத்துக்குத் தன் கயிற்றோடு வந்தார். அந்தக் கிணற்றின் ஊற்று எந்தப் பக்கம் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. இளைஞர்கள் அவரைக் கேட்டுக் கேட்டே இறைத்தார்கள். அன்று பின்னேரம் வரை அவர் வீட்டுக்குப் போகவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள். அவர் நீங்களாக இருந்தால், கூப்பிடும்போது வாருங்கள்.